புரியாமல் இருக்கும் உத்தியோகம்

மன்சூரா நகரத்தில் நன்றாகப் படித்தவர்களுக்கு வேலை கிடைப்பது கஷ்டம். அரைகுறையாகப் படித்தவர்களுக்கு அதைவிடக் கஷ்டம். ஆனால் ஒன்றுமே புரியாத ஒருவருக்கு, அந்தப் புரியாமையை மட்டுமே தகுதியாகக் கொண்டு, மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். அவர் பெயர் அத்வா அப்துல் மௌஜூத். கல்விக்கு அவர் ஆற்றிய தொண்டைப் பற்றிக் கற்றறிந்தவர்கள் யாரும் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. ஆகவே அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

மிஸ்டர் வக்தியைச் சொல்லாமல் அத்வாவைச் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் ஆசிரியர் என்றால் மிஸ்டர். பெயர் அதற்குப் பிறகுதான். ஸானவிய்யா என்கிற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் தொலைக்காட்சி வாயை மூடிக்கொள்ளும், விருந்தாளிகள் வாசலோடு திரும்புவார்கள், மாடி வீட்டுக்காரர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். அந்தத் தேர்வில் இயற்பியல் என்றால் மிஸ்டர் வக்திதான். சுவர்களிலும் டுக்டுக் வண்டிகளின் முதுகிலும் அவர் படம் இருக்கும். படத்துக்குக் கீழே 'இயற்பியலின் திமிங்கலம்' என்ற பட்டம். பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று கேட்கக் கூடாது. சுவரொட்டி அச்சடித்தவர் கொடுத்திருப்பார்.

திமிங்கலம் பாடம் நடத்தியது கல்யாண மண்டபங்களில். ஆயிரம் பிள்ளைகள், நாலு ஒலிபெருக்கி, மணமக்கள் உட்காரும் மேடையில் கரும்பலகை. அவருடைய வித்தை எளிமையானது. மேடை ஏறியதும் மண்டபத்திலேயே மிக இருண்ட முகம் எது என்று தேடுவார். பெரும்பாலும் மூன்றாவது வரிசையில் கிடைக்கும். பிறகு அந்த ஒரு முகத்துக்கு மட்டும் பாடம் சொல்வார். அந்த முகம் வெளுத்தால் மண்டபத்துக்கே விடிந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். முப்பது வருஷமாக அவர் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த தொழில் ரகசியம் இது.

அப்புறம் பாடங்கள் மண்டபத்தை விட்டு இணையத்துக்குக் குடிபெயர்ந்தன. ஒரு நிறுவனம் திமிங்கலத்தை ஒப்பந்தம் போட்டுப் பிடித்து, நைல் நதி தெரியாத ஒரு மாடியில், பச்சைத் துணிக்கு முன்னால் நிறுத்தி, கேமராவைக் காட்டிப் பேசச் சொன்னது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே, படுக்கையில் புரண்டபடி, எந்த நேரமும் படிக்கலாம். இதைவிட நல்ல ஏற்பாடு உண்டா?

மிஸ்டர் வக்தி கேமராவைப் பார்த்தார். கேமரா அவரைப் பார்த்தது. கேமராவுக்கு எல்லாமே புரிந்திருந்தது போல இருந்தது. மிஸ்டர் வேகமெடுத்தார். ஒரு மாதப் பாடம் ஒரு வாரத்தில் முடிந்தது. பாடத்துக்குக் கீழே பிள்ளைகள் எழுதினார்கள்: 'மிஸ்டர், வீட்டுல அடுப்புல ஏதாச்சும் வெச்சுட்டு வந்தீங்களா?'

நிறுவனத்தின் பொறுப்பாளர் ரெஹாம் என்கிற இளம் எஞ்சினியர். எந்தப் பிள்ளை எந்த நொடியில் கொட்டாவி விட்டது, எந்த வரியைத் திரும்பப் போட்டுக் கேட்டது, எங்கே எழுந்து போனது என்று எல்லாம் அவள் திரையில் கோடு கோடாக வந்துவிடும்.

"ஏழாவது நிமிஷத்துல பாதிப் பேர் எழுந்து போயிடறாங்க மிஸ்டர்" என்றாள்.

"எங்க போறாங்க?"

"அது தெரியாது. போறாங்க."

"மண்டபத்துல ஒருத்தன் எழுந்திருச்சா நான் செருப்பால அடிப்பேன். இங்க எதைக் கழட்டி எங்க எறியறது?"

ரெஹாம் பரிகாரங்கள் செய்தாள். கேமராவுக்கு மேலே சிரிக்கிற முகம் ஒன்றை வரைந்து ஒட்டினாள். "நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே, இது ஏன் சிரிக்குது?" என்று மிஸ்டர் அதைக் கிழித்தார். பிறகு பெரிய திரை ஒன்று வைத்து, பிள்ளைகளை நேரலையில் கட்டம் கட்டமாகக் கொண்டுவந்தாள். எல்லோரும் கேமராவை அணைத்துவிட்டிருந்தார்கள். வரிசை வரிசையாகக் கறுப்புக் கட்டங்கள், கீழே பெயர்கள். சில இடங்களில் 'அம்மா போன்' என்று மட்டும். மிஸ்டர் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கல்லறைத் தோட்டத்துல கொண்டுவந்து நிறுத்திட்டியேம்மா. ஃபாத்திஹா ஓதிட்டுக் கிளம்பிடவா?"

இந்த இக்கட்டான நேரத்தில்தான் அத்வா சரித்திரத்துக்குள் நுழைகிறார். அதுவரை டுக்டுக் ஓட்டியவர். முழங்கால் மக்கர் பண்ணியதால் வண்டியை விற்றுவிட்டு, அந்த மாடியில் தேநீர் போட்டுக்கொடுக்கும் வேலைக்கு வந்திருந்தார். ஒரு நாள் படப்பிடிப்பு நடப்பது தெரியாமல் உள்ளே வந்துவிட்டார். மிஸ்டர் அப்போது கம்பிச்சுருளுக்குள் காந்தத்தை நீட்டினால் மின்சாரம் எப்படிப் பிறக்கும், பிறந்த மின்சாரம் காந்தத்தையே எப்படி எதிர்க்கும் என்று நான்கு கால் பாய்ச்சலில் சொல்லிக்கொண்டிருந்தார். அத்வா நின்றுவிட்டார்.

அந்த முகத்தை வர்ணிக்க எனக்குத் தகுதி போதாது. நெற்றியில் உழுத வயல். கீழுதடு வேலையை விட்டுவிட்டு ஓய்வெடுத்தது. ஒரு புருவம் கேள்வி கேட்டது. மற்றது பதிலை எதிர்பார்க்காமல் உட்கார்ந்துவிட்டது. கண்களில் மட்டும் ஆசை இருந்தது. என்ன இது, சொல்லேன், என்கிற ஆசை. மூன்றாவது வரிசைப் பிள்ளைகள் ஆயிரம் பேரைச் சேர்த்துப் பிசைந்தாலும் அப்படி ஒரு முகம் வராது.

மிஸ்டர் வக்தி கேமராவை மறந்தார்.

"என்னடா, புரியலையா?"

"காந்தத்தை நீட்டினா தள்ளுதுங்கறீங்க. சரி. எடுத்தா இழுக்குதுங்கறீங்களே. அதுக்கு என்னதான் வேணுமாம் மிஸ்டர்?"

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சு."

"மாமனார் இருக்காரா?"

"இருக்காரு, அல்லா ஆயுசைக் கொடுக்கட்டும்."

"நீ அவரு வீட்டுக்குப் போனா என்ன சொல்வாரு?"

"ஏன் வந்தேம்பாரு."

"கிளம்பினா?"

"அதுக்குள்ள எங்க கிளம்பிட்டேம்பாரு."

"அவருக்கு என்னதான் வேணுமாம்?"

அத்வா யோசித்தார். "ஒண்ணும் வேண்டாம் மிஸ்டர். எது நடந்தாலும் எதிர்க்கணும், அவ்வளவுதான்." பிறகு அவர் முகம் மெல்ல விடிந்தது. "ஆ...ஆ...ஆ!" என்றார், ஊரே கேட்கும்படி.

அந்தப் பாடத்திலிருந்து ஒரு பிள்ளைகூட எழுந்து போகவில்லை. கேமராவுக்குப் பின்னாலிருந்து வந்த அந்த 'ஆ'வைப் பற்றியே பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். 'அந்த மாமாவுக்குப் புரியற வரைக்கும் பயமில்லை, அவருக்குப் புரிஞ்சா நமக்கும் புரிஞ்சிருக்கும்' என்று ஒரு பெண் எழுதினாள். ரெஹாம் அன்றைக்கே அத்வாவுக்கு நாற்காலி போட்டாள். ஒப்பந்தத்தில் 'புரிதல் ஆலோசகர்' என்று பதவி எழுதினாள்.

வீட்டில் அவர் மனைவி ஸமாஹ் இதை நம்ப மறுத்தாள்.

"ஊர்ல எல்லாரும் புள்ளைங்களுக்குப் புரியணும்னு காசு கொடுக்கறாங்க. உனக்குப் புரியலைங்கறதுக்கா காசு? இத்தனை வருஷமா நான் இனாமாப் பார்த்துட்டிருந்த மூஞ்சிக்குச் சம்பளமா?"

"இது திறமைடி."

"திறமைன்னா உங்கப்பாவுக்கும் ஒரு வேலை கேட்டு வை."

முதல் வருஷம் பொற்காலம். வெப்பம், ஒளி, மின்சாரம் என்று எதை எடுத்தாலும் அத்வாவுக்குப் புரியவில்லை. ஒவ்வொன்றும் புரிவதற்கு முன்னால் அவர் மிஸ்டரை நன்றாகச் சுற்றவிட்டார். அவர் சோம்பேறித்தனமாகப் புரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை. ஆவலோடு, உடம்பெல்லாம் காதாக, முழு முயற்சியோடு புரியாமல் இருந்தார். அந்த ஆவல்தான் அவருடைய மூலதனம். அவருடைய அழிவும் அதில்தான் இருந்தது.

ஏனென்றால் இரண்டாம் வருஷம் வந்தது. பாடங்களை ஒவ்வொரு வருஷமும் புதிதாக எடுப்பார்கள். போன வருஷத்துப் பாடத்தை மன்சூராவில் யாரும் தொடமாட்டார்கள். எங்கள் ஊரில் பழையதாக விற்பது உப்பில் ஊறிய ஃபஸீக் மீன் ஒன்றுதான். அதே கம்பிச்சுருள், அதே காந்தம். மிஸ்டர் வாயைத் திறந்தார். அத்வாவின் முகம் ஏற்கனவே விடிந்து, குளித்து, தலை சீவி உட்கார்ந்திருந்தது. மிஸ்டர் அந்த வெளிச்சத்தைப் பார்த்து ஏமாந்து அடுத்த பக்கத்துக்குத் தாவினார். பிள்ளைகள் பழைய பக்கத்திலேயே நின்றார்கள்.

ரெஹாம் கோடுகளைக் காட்டினாள்.

"அத்வா அண்ணே, போன வருஷம் இந்தப் பாடத்துல இருபது நிமிஷம் உங்களுக்குப் புரியல. அருமையான வேலை. இந்த வருஷம் மூணு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கலையே."

"நான் என்ன பண்றது இஞ்சினியரம்மா? தெரிஞ்சு போச்சே."

"உங்களை யாரு தெரிஞ்சுக்கச் சொன்னது?"

புரிந்துகொண்ட குற்றத்துக்காக எச்சரிக்கப்பட்ட ஊழியர் உலகத்தில் வேறு யாராவது இருந்தால் தெரிவியுங்கள், இருவரையும் சந்திக்கவைக்கலாம்.

ரெஹாம் கெட்டவள் அல்ல. ஆனால் அவளுக்கு மேலேயும் ஆட்கள் இருந்தார்கள். கடைசிப் பாடத்தை ரமலான் முடிந்து எடுப்பதாக இருந்தது. ஒளி பட்டால் உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கிளம்புகிற பாடம் அது. அதற்குள் அத்வாவுக்குப் பழையபடி புரியாமல் போக வேண்டும். போகாவிட்டால் அந்த நாற்காலியில் ஸக்கி உட்காருவான். ஸக்கி என்பது நிறுவனம் செய்துகொண்டிருந்த செயற்கை மாணவன். திரையில் தெரிகிற ஒரு பையன் முகம். புரியாமையை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டிக் குறைக்கலாம். அறுபதில் வைத்தால் சுமாரான மந்தம். தொண்ணூறில் வைத்தால் முழு இருட்டு. எத்தனை வருஷம் பாடம் எடுத்தாலும், ஒரு பொத்தானை அமுக்கினால் எல்லாம் மறந்துவிடும்.

ஒத்திகைக்கு ஸக்கியைக் கொண்டுவந்தார்கள். மிஸ்டர் ஒரு வாக்கியம் சொன்னார்.

"மிக அருமையான விளக்கம், மிஸ்டர்" என்றது ஸக்கி. "சிரமத்துக்கு மன்னிக்கவும். இதை இன்னும் சற்று எளிமையாக விளக்க முடியுமா?"

மிஸ்டர் இன்னொரு வாக்கியம் சொன்னார்.

"அற்புதம். உங்கள் பொறுமைக்கு நன்றி."

மிஸ்டர் ரெஹாமைத் திரும்பிப் பார்த்தார். "என் வாழ்க்கையில இப்படி மரியாதையாப் புரியாம இருந்தவனை நான் பார்த்ததே இல்லையேம்மா. என் மாமியார்தான் இப்படிப் பாராட்டுவாங்க. பின்னாலேயே ஃப்ரிட்ஜ் கேப்பாங்க." பிறகு அத்வாவின் தோளைப் பிடித்தார். "டேய், சீக்கிரம் எல்லாத்தையும் மறந்து தொலைடா. இல்லைன்னா என்னை இந்த நல்ல பிள்ளைகிட்ட மாட்டிவிட்டுடுவாங்க."

ஆக, இரண்டு பேருடைய சோறும் இப்போது அத்வாவின் மறதியில் தொங்கியது.

அவர் முயன்றார். மூளையை மழுக்க எங்கள் நாட்டில் ஆதிகாலத்திலிருந்து நம்பப்படும் மருந்து ஃபூல். அவித்த மொச்சையை எண்ணெய் விட்டு மசித்துச் சாப்பிடுவது. ரமலானில் விடியலுக்கு முன் ஃபூல், நோன்பு திறக்கையில் ஃபூல், இரவில் இடையே வாய்ப்புக் கிடைத்தால் ஃபூல். வயிறு மழுங்கியது, மூளை சாணை பிடித்தது போலக் கூர்மையாகிக்கொண்டே போனது. லிஃப்டில் ஏறினால் மேலே மோட்டாருக்குள் காந்தம் என்ன செய்துகொண்டிருக்கும் என்று தெரிந்தது. நைல் பாலத்தின் மேல் போனால் சூரிய ஒளி தண்ணீரில் எந்தக் கோணத்தில் மடங்குகிறது என்று தெரிந்தது. தெரியாததே கண்ணில் படவில்லை. ஒருமுறை டுக்டுக் ஓட்டும் பழைய நண்பர்களோடு போய் உட்கார்ந்து அறியாமையைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார். அவர்கள் வண்டியின் பேட்டரி ஏன் சீக்கிரம் செத்துப்போகிறது என்று அவரிடமே கேட்டார்கள். அவர் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

கடைசி வழியாக நடித்துப் பார்த்தார். நெற்றியைச் சுருக்கி, உதட்டைத் தொங்கவிட்டு, ஒரு புருவத்தைத் தூக்கினார். மிஸ்டர் பாதிப் பாடத்தில் நின்றுவிட்டார்.

"அத்வா."

"மிஸ்டர்?"

"புரியாமலே புரிஞ்ச மாதிரி நடிக்கிற பசங்க லட்சம் பேரை நான் பார்த்திருக்கேன். அந்த மூஞ்சியைத் திருப்பிப் போட்டா இதுதான். ஏமாத்தாதடா. போ."

படப்பிடிப்புக்கு முந்தைய நாள் அத்வா வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பயிற்சி செய்தார். ஸமாஹ் கத்தரிக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பல் வலியா?"

"நாளைக்குப் புரியக் கூடாத பாடத்தைப் புரியாம இருக்கப் பழகறேன்."

"அப்படி என்ன பாடம் அது?"

சொன்னார். உலோகத்தின் மேல் ஒளியைப் போட்டால் எலக்ட்ரான் துள்ளி வெளியே வரும். ஊதா ஒளி துளியூண்டு போதும். சிவப்பு ஒளியை லாரி லாரியாகக் கொட்டினாலும் ஒன்றுகூட அசையாது.

ஸமாஹ் அடுப்பை அணைத்தாள். "பொய்."

"எது பொய்?"

"எல்லாமே. ஊதாக்காரன் ஒரேயடியா மொத்தத்தையும் கொடுக்கறான், அதனால எலக்ட்ரான் வருது. சரி, வரட்டும். சிவப்புக்காரன் ஏழை. கொஞ்சங் கொஞ்சமாத்தான் கொடுப்பான். ஆனா அவனுங்க ஆயிரம் பேர் இருக்கானுங்களே? சீட்டுப் பிடிக்க வேண்டியதுதானே?"

ஸமாஹ் அந்தக் கட்டடத்துப் பெண்களின் சீட்டை நடத்துகிறவள். பத்துப் பேர் மாதம் கொஞ்சம் போடுவார்கள். முறை வைத்து ஒருத்திக்கு மொத்தமும் போகும். எங்கள் ஊரில் குளிர்பெட்டியும் கல்யாணமும் மருத்துவமனையும் இப்படித்தான் நடக்கின்றன. அத்வா விளக்கினார். வேறு மாதிரி விளக்கினார். தட்டையும் தம்ளரையும் வைத்து விளக்கினார். ஸமாஹ் ஒவ்வொன்றையும் கேட்டு, ஒவ்வொன்றையும் தள்ளுபடி செய்தாள். கத்தரிக்காய் ஆறிப்போனது. அத்வாவுக்குப் பசியே தெரியவில்லை. எதிரே இருந்த அந்த முகத்தை விட்டு அவரால் நகர முடியவில்லை. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு வழியில் சொன்னால் விடிந்துவிடும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. மிஸ்டர் வக்தி முப்பது வருஷமாக எதற்கு அடிமைப்பட்டிருந்தார் என்று அப்போது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. நாற்காலி ஒன்றுதான். இவளை அழைத்துப்போனால் அது இவளுக்கு. போகாவிட்டால் ஸக்கிக்கு. எப்படிப் பார்த்தாலும் அத்வாவுக்கு இல்லை.

அவர் தட்டையும் தம்ளரையும் ஓரமாக ஒதுக்கினார்.

"நாளைக்கு என்கூட வா" என்றார்.

"எதுக்கு?"

"இந்தச் சீட்டு விவகாரத்தை மிஸ்டர்கிட்டயே கேளு."

"கேப்பேன். எனக்கென்ன பயம்?"

மறுநாள் ஸமாஹ் நாற்காலியில் உட்கார்ந்தாள். மடியில் கைப்பை, அதன் மேல் இரண்டு கைகள். அத்வா சுவரோரம் நின்றார். மிஸ்டர் தயக்கத்தோடு ஆரம்பித்து, சிவப்பு ஒளி வரைக்கும் வந்தார்.

"மிஸ்டர், நில்லுங்க" என்றாள் ஸமாஹ். "ஆயிரம் பேர் சேர்ந்தா ஒரு எலக்ட்ரானைக் கிளப்ப முடியாதா?"

"முடியாது உம்மு ஹானி." மூத்த மகன் ஹானியின் பெயரைச் சொல்லித்தான் மற்றவர்கள் அவளை அழைப்பார்கள்.

"ஏன்?"

"ஏன்னா ஒரு நேரத்துல ஒருத்தன்தான் கொடுப்பான். எலக்ட்ரான் ஒருத்தன்கிட்ட வாங்கும்."

"வாங்கட்டும். வாங்கி வெச்சுக்கட்டும். அடுத்தவன் கொடுக்கறதையும் சேர்த்து வெச்சுக்கட்டும். எங்க வீட்டு வாஷிங் மெஷின் அப்படித்தான் வந்துச்சு."

மிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்தார். கோட்டைக் கழற்றினார். பலகையை அழித்தார். முப்பது வருஷத்தில் எந்த மண்டபத்திலும் எந்த வரிசையிலும் யாரும் எலக்ட்ரானுக்குச் சீட்டுப் பிடிக்கச் சொன்னதில்லை. பஸ் டிக்கெட்டை உதாரணம் காட்டினார். "நடத்துநர் இரக்கப்பட்டு ஏத்திக்குவாரு" என்றாள். ஏணியைக் காட்டினார். "கீழ இருந்து நாலு பேர் தூக்கிவிடுவாங்க" என்றாள். "எலக்ட்ரான் இரக்கம் பார்க்காதும்மா!" என்று கத்தினார். "அப்ப அது நம்ம நாட்டு எலக்ட்ரான் இல்ல" என்றாள். கேமராக்காரர் சிரிப்பை அடக்கத் தலையைத் துணிக்குள் புதைத்துக்கொண்டார்.

மிஸ்டர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவள் எதிரே தரையிலேயே உட்கார்ந்தார்.

"உம்மு ஹானி, உங்க சீட்டுல எல்லாரையும் சேர்ப்பீங்களா?"

"எல்லாரையும் எப்படி? கையில காசு தங்காதவனை எப்படிச் சேர்க்கிறது?"

"அப்படி யாராவது உண்டா?"

"இதோ, இவரு தம்பி. காலைல கொடுத்தா மத்தியானம் இருக்காது. அடுத்த காசு வர்றதுக்குள்ள முன்ன வந்தது காத்துல போயிடும்."

"எலக்ட்ரானும் அதே ஆளுதான். சிவப்புக்காரன் கொடுத்ததை அடுத்தவன் வர்றதுக்குள்ள தொலைச்சிடும். சேர்த்து வைக்கவே தெரியாது. அதுகிட்ட எப்படிம்மா சீட்டு?"

ஸமாஹ் கைப்பையைப் பார்த்தாள். அத்வாவைப் பார்த்தாள். "இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்றாள், ஏதோ மிஸ்டர்தான் இத்தனை நேரம் மறைத்து வைத்திருந்த மாதிரி.

அந்தப் பாடத்தைப் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். ஸக்கியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை. ஒப்பந்தத்தை ஸமாஹிடம் நீட்டும்போது ரெஹாமுக்கு ஒரு கவலை. "உங்களுக்கும் அடுத்த வருஷம் எல்லாம் புரிஞ்சிருக்குமே அக்கா?"

"யாரு சொன்னா? ராத்திரி படுத்துட்டு யோசிச்சேன். இவரு தம்பி ஒரு தடவை காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கினான். மிஸ்டர் சொன்னது தப்பு. நாளைக்கு வந்து கேக்கறேன்."

ரெஹாம் அவளைக் கட்டியணைத்துக்கொண்டாள். ஒருமுறை புரிந்தால் தீர்ந்துபோகிறவர் கணவர். இந்தப் பெண் அப்படியல்ல; ஒவ்வொரு இரவும் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவாள், அதுவும் புது ஆட்சேபணையோடு.

சுவரோரம் நின்றவரை ரெஹாம் மறக்கவில்லை. கீழ்த்தளத்தில் வேதியியல் மிஸ்டர் லபீப்பும் கேமராவைப் பார்த்துத் திணறிக்கொண்டிருந்தார். அத்வாவை உட்காரவைத்துத் தகுதித் தேர்வு வைத்தாள்.

"தண்ணி எதனால ஆனது?"

"நைல்ல இருந்து வருது."

"அமிலம்?"

"ராத்திரி ஃபூல் சாப்பிட்டா மேல வரும்."

"அணு?"

"சின்னதுன்னு தெரியும்." அத்வா பதறினார். "அது மேல்மாடியில கேட்டது, இஞ்சினியரம்மா. அதுக்கு மேல சத்தியமா ஒண்ணும் தெரியாது."

"போதும்" என்றாள் ரெஹாம். "எதையும் தெரிஞ்சுக்காதீங்க. அக்டோபர்ல பாடம் எடுக்கறோம், அது வரைக்கும் பத்திரமா இருங்க."

அத்வா இப்போது பத்திரமாக இருக்கிறார். எதையெல்லாம் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ரெஹாம் கொடுத்த பாடப் பட்டியல் மட்டும் அவருக்கு மனப்பாடம். மருந்துக் கடைக்காரர் பேச ஆரம்பித்தால் காதைப் பொத்திக்கொண்டு மாத்திரையை வாங்குகிறார். சோப்பு உறையை ஸமாஹ்தான் பிரிக்க வேண்டும். அன்றைக்கு மேஜையில் உப்புப் பொட்டலம் இருந்தது. ஸமாஹ் அதன் முதுகைப் படித்தாள்.

"இங்க பாரு, இதுல என்னமோ சோடியம்னு..."

"சொல்லாத!" என்று அத்வா எழுந்தே விட்டார். "அது மூணாவது பாடம்!"

பொட்டலத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். ரொட்டியைப் பிய்த்தார், வாயில் வைக்கவில்லை.

"சாப்பிடேன்" என்றாள் ஸமாஹ்.

"சாப்பிடறேன், சாப்பிடறேன்" என்றார். கண் மட்டும் பொட்டலத்தை விட்டு நகரவில்லை. "வெறும் உப்புதானே? அதுல சொல்றதுக்கு அப்படி என்னடி இருக்கும்?"